மருத்துவ வளாகத்துக்கு ஒரே குளிர்நீர் நிலையம்: ஹூஸ்டன் ஏற்பாட்டை எந்த அளவுக்கு நம்பலாம்?

மாடப்புறா கேட்டது:

மருத்துவமனைக் கட்டடங்களுக்கான குளிரூட்டலையும் காற்றோட்டத்தையும் வடிவமைப்பது என் தொழில். இதுவரை நான் பணியாற்றியவை எல்லாம் தனித்தனி ஏற்பாடுகளே. ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதன் மொட்டைமாடியிலோ அடித்தளத்திலோ நீரைக் குளிர்விக்கும் எந்திரங்களான சில்லர்களும் பாய்லரும் இருக்கும். ஒன்று பழுதானால் ஓடுவதற்கென்று இன்னொன்று சும்மா நிற்கும். இப்போது ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் மெடிக்கல் சென்டரைப் பற்றிப் படித்துவருகிறேன். பல மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரிகளும் ஆராய்ச்சிக்கூடங்களும் அடுத்தடுத்து நிற்கும் அந்த வளாகத்தில், டெக்கோ எனப்படும் தெர்மல் எனர்ஜி கார்ப்பரேஷன் ஒரு பொது நிலையத்தில் குளிர்நீரும் நீராவியும் உற்பத்தி செய்து நிலத்தடிக் குழாய்கள் வழியே விற்கிறது. 1969 முதல் நடந்துவரும் இந்த ஏற்பாட்டின் குளிர்விக்கும் திறன் இன்று சுமார் 1,20,000 டன். குளிரூட்டலில் ஒரு டன் என்பது 3.517 கிலோவாட் என்று கொண்டால், ஏறத்தாழ 420 மெகாவாட் வெப்பத்தை அந்த வளாகத்திலிருந்து வெளியேற்ற வல்லது.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. ஹூஸ்டனைப் போன்று வெயிலும் புழுக்கமும் மிகுந்த ஊரில், கோடையிலும் நீராவியை வாங்குபவர் யார், எதற்காக? இரண்டாவதாக, இத்தனை மருத்துவமனைகள் ஒரே நிலையத்தை நம்பியிருக்கும்போது அந்த நிலையம் நின்றுபோனால் என்ன ஆகும்? மூன்றாவதாக, இதே அளவுள்ள ஒரு வளாகத்துக்கு இன்று புதிதாகத் திட்டமிடுபவர் இதே வடிவத்தைத் தேர்ந்தெடுப்பாரா? விற்பனைப் பிரசுரங்களில் கிடைக்கும் விடைகள் எனக்குப் போதவில்லை. நிலையங்களை இயக்கிய அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

குழாய்க்காரர் எழுதியது:

முதல் ஐயத்துக்கான விடை அறுவை அரங்கின் காற்றிலேயே இருக்கிறது. மருத்துவமனைக் காற்றோட்டத்துக்கு அமெரிக்காவில் பின்பற்றப்படும் ஆஷ்ரே 170 தரவிதியின்படி, அறுவை அரங்கில் மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும். வெப்பநிலை 20 முதல் 24 டிகிரிக்குள்ளும் ஈரப்பதம் 20 முதல் 60 விழுக்காட்டுக்குள்ளும் நிற்க வேண்டும். ஆகஸ்டு மாத ஹூஸ்டன் காற்றிலிருந்து அந்த அளவுக்கு ஈரத்தைப் பிழிந்தெடுக்க வேண்டுமானால், குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருளில் அதை 12 டிகிரி அளவுக்குக் குளிர்வித்தாக வேண்டும். அப்படிக் குளிர்ந்த காற்றை அதே நிலையில் மணிக்கு 20 முறை அரங்குக்குள் செலுத்தினால் உள்ளே நிற்பவர்கள் நடுங்கிப்போவார்கள். ஏனெனில், காற்றின் அளவைத் தீர்மானிப்பது தூய்மை விதிதானே தவிர அறையில் உண்டாகும் வெப்பம் அன்று. ஆகவே குளிர்வித்த காற்றை மறுபடியும் சில டிகிரி சூடாக்கி அனுப்புகிறோம். வெளியே 36 டிகிரி வெயில் அடிக்கும் வேளையிலும் மருத்துவமனைக்குச் சூடு தேவைப்படுவதற்கு முதற்காரணம் இதுவே. இதன்மேல், கருவிகளை 121 அல்லது 134 டிகிரி நீராவியில் நுண்ணுயிர் நீக்கும் ஆட்டோகிளேவ்கள், லெஜியோனெல்லா கிருமி பெருகாமல் இருக்க 60 டிகிரிக்குக் குறையாமல் சேமித்து வைக்கும் வெந்நீர், சமையற்கூடம் ஆகியவை இருக்கின்றன. அலுவலகக் கட்டடத்தில் இரவானால் தேவை அடங்கிவிடும். மருத்துவமனையில் அப்படி அடங்குவதில்லை.

ஆண்டு முழுவதும், இரவு பகலாகச் சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் ஒருசேரத் தேவை இருக்கும் இடமே மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒன்றாக உற்பத்தி செய்வதற்கு ஏற்ற இடம். டெக்கோ 2010இல் 48 மெகாவாட் எரிவாயு டர்பைன் ஒன்றை நிறுவியது. நிலையத்தின் சொந்த உச்ச மின்தேவையை ஈடுகட்டுவதே அதன் அளவுக்கு அடிப்படை. மருத்துவமனைகளின் விளக்குகளை அது எரியவிடுவதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் அவ்வாறு எண்ணிக்கொள்கிறார்கள். அத்தகைய டர்பைனிலிருந்து ஏறத்தாழ 450 டிகிரி வெப்பத்தோடு வெளியேறும் புகையை வீணாக்காமல், வெப்ப மீட்புக் கொதிகலன் வழியே செலுத்தி நீராவி எடுக்கிறார்கள். வெப்பத்துக்கு வாங்குபவர் எந்நேரமும் இருந்தால், இத்தகைய நிலையத்தில் எரிபொருளின் ஆற்றலில் முக்கால் பங்குக்கும் மேல் பயனாகும். கோடையில் நீராவியை வாங்க ஆள் இல்லாத ஓர் ஊர்க் குடியிருப்பில் இதே டர்பைனை நிறுவினால் அந்தக் கணக்கு நிற்காது.

அங்கே எனக்கு மிகவும் பிடித்த பகுதி டர்பைன் அன்று, அதனருகில் நிற்கும் குளிர்நீர்த் தொட்டிதான். 150 அடி உயரமும் 100 அடி விட்டமும் கொண்ட அதில் 88 லட்சம் கேலன், அதாவது சுமார் 3.3 கோடி லிட்டர் குளிர்நீர் நிற்கிறது. போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 8 டிகிரி வேறுபாடு இருந்தால், அந்தத் தொட்டியில் கணக்குப்படி 3 லட்சம் கிலோவாட் மணிக்குச் சற்று மேலான குளிர்ச்சியைச் சேமிக்கலாம். உள்ளே தடுப்பு எதுவும் இல்லை. திரும்பிவரும் வெதுவெதுப்பான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் அடியிலும், ஆழமான கிணற்றில் நிற்பதைப் போலத் தாமாகவே பிரிந்து நிற்கின்றன. நீரைக் கலக்கிவிடாமல் மெதுவாக உள்ளே விடும் விநியோகக் குழாய்களின் வடிவமைப்பில்தான் திறமை இருக்கிறது. நீர் 4 டிகிரியில் உச்ச அடர்த்தியை அடைவதால், அதற்குக் கீழே குளிர்வித்தால் அடுக்கு கலைந்துவிடும்.

இந்தத் தொட்டியின் பணமதிப்பை அறிய டெக்சாஸ் மின்கட்டணத்தைப் பார்க்க வேண்டும். டெக்சாஸின் பெரும்பகுதிக்கு மின்சாரம் கொண்டுசேர்க்கும் எர்காட் மின்கட்டமைப்பில், பெரிய நுகர்வோர் செலுத்தும் மின்கடத்தல் கட்டணம் ஜூன், ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிய நான்கு மாதங்களிலும் மாநிலத்தின் மின்தேவை உச்சத்தைத் தொடும், மாதத்துக்கு ஒன்றான அந்த 15 நிமிடத்தில் அவர்கள் எவ்வளவு இழுத்தார்கள் என்பதைக்கொண்டு பங்கிடப்படுவதே நீண்டகால வழக்கம். இரவில் சில்லர்களை ஓட்டித் தொட்டியை நிரப்பி வைத்திருப்பவர், அந்தப் பிற்பகல்களில் சில்லர்களை நிறுத்திவிட்டுப் பம்புகளை மட்டும் ஓட்டலாம். இரவுக்காற்று சற்றுக் குளிர்ந்திருப்பதால் சில்லர்களும் அப்போது குறைந்த மின்சாரத்தில் ஓடும். கட்டடத்துக்கொரு சில்லர் என்ற ஏற்பாட்டில் இத்தகைய தொட்டிக்கு இடமும் கிடைக்காது, முதலீடும் கிடைக்காது.

அடித்தளம் எழுதியது:

இரண்டாவது ஐயத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2001 ஜூனில் அலிசன் வெப்பமண்டலப் புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது, மெடிக்கல் சென்டரின் கட்டடங்களை இணைக்கும் சுரங்க வழிகளில் நீர் பாய்ந்து ஓர் அடித்தளத்திலிருந்து அடுத்த அடித்தளத்துக்குச் சென்றது. மின்சாரம் நின்றது, அடித்தளங்களில் இருந்த மின் பகிர்மானக் கருவிகள் நீருக்குள் போனதால், அவசர ஜெனரேட்டர்கள் இருந்தும் மேல்தளங்களுக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்க்க முடியவில்லை. நோயாளிகளை மாடிப்படிகளின் வழியே சுமந்து இறக்கி வேறு மருத்துவமனைகளுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. தனித்தனி ஏற்பாடு என்பது மட்டுமே பாதுகாப்பாகிவிடாது என்பதை அந்த இரவு காட்டியது. ஒவ்வொரு கட்டடமும் தன் கருவிகளைத் தன் அடித்தளத்திலேயே வைத்திருந்தால், வெள்ளத்துக்கு எல்லாக் கட்டடமும் ஒன்றுதான். பின்னர் அங்கே வெள்ளத் தடுப்புக் கதவுகள் அமைக்கப்பட்டன. மின்கருவிகள் உயரத்துக்கு மாற்றப்பட்டன. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் அதைவிடப் பெருமழையைக் கொட்டியபோது டெக்கோவின் வழங்கல் தொடர்ந்து நடந்தது.

பொது நிலையத்தில் மாற்று எந்திரக் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். தலா 2,000 டன் தேவைப்படும் பத்துக் கட்டடங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே என்றால் ஒவ்வொன்றிலும் ஆயிரம் டன் எந்திரங்கள் இரண்டும் மாற்றுக்கு ஒன்றும் வேண்டும், மொத்தம் 30. பத்துக் கட்டடங்களும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. கூட்டுத்தேவை 80 விழுக்காடு என்று கொண்டால், பொது நிலையத்துக்கு 16 எந்திரங்களும் மாற்றுக்கு மூன்றும் போதும். எந்திரங்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. ஆயினும், ஒரு கட்டடத்துக்கு உதவக் காத்திருக்கும் மாற்று எந்திரம் ஒன்றாக இருந்தது மூன்றாகிறது.

குழாய்களில்தான் எனக்கு அச்சம். எந்திரம் பழுதானால் வேறொன்றை ஓட்டலாம். தெருவுக்கடியில் போகும் முதன்மைக் குழாய் உடைந்தால் அதற்கு மாற்று ஏது? ஆகவே குழாயை மரக்கிளைபோல் ஒருவழியாக நீட்டாமல் வளையமாக அமைத்து, இரு திசைகளிலிருந்தும் நீர் வரும்படியும், எந்தத் துண்டையும் தனியே மூடும்படியும் வால்வுகளை வைக்க வேண்டும். அந்த வால்வுகளைக் குறித்த காலத்தில் திருப்பிப் பார்க்காவிட்டால் தேவைப்படும் நாளில் அவை அசையாது. இதைப் பராமரிப்பு அட்டவணையில் எழுதி வைக்கிறார்கள், செய்பவர்கள் குறைவு. இன்னொன்று: மின்சாரம் முழுவதும் நின்றாலும், தொட்டியில் குளிர்நீர் இருந்து பம்புகளுக்கு மட்டும் அவசர மின்சாரம் கிடைத்தால், அறுவை அரங்குகளுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கும் பல மணி நேரம் குளிர்ச்சி கிடைக்கும். சில்லரை ஓட்டத் தேவைப்படும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கே பம்புகளுக்குப் போதும் என்பதால் இது நடைமுறையில் கைகூடுகிறது.

எரிவாயுவை முழுவதும் நம்பிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் கடுங்குளிரில் உறைந்தபோது மின்கட்டமைப்போடு எரிவாயு வழங்கலும் தடுமாறியது. கொதிகலன்களில் சிலவாவது இன்னோர் எரிபொருளிலும் எரியக்கூடியவையாக இருக்க வேண்டும்.

வெந்நீர் எழுதியது:

மேலே எழுதியவர்களின் விளக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மூன்றாவது ஐயத்துக்கு என் விடை "தேர்ந்தெடுக்க மாட்டார்" என்பதே. குழாய்க்காரர் எழுதியதை மறுபடியும் படித்துப் பாருங்கள். கோடைப் பிற்பகலில் அந்த வளாகத்திலிருந்து எடுத்த வெப்பத்தைக் குளிரூட்டும் கோபுரங்கள் வானத்தில் விடுகின்றன. அதே நிலையத்தில், அதே வேளையில், அதே வளாகத்துக்குச் சூடு தர எரிவாயு எரிகிறது. ஒரு குழாயில் வேண்டாத வெப்பம் வந்து சேர்கிறது, இன்னொரு குழாய்க்கு வெப்பம் போதவில்லை. நடுவில் ஒரு எந்திரத்தை வைத்து முன்னதைப் பின்னதற்கு ஏற்றிவிட்டால் கோபுரத்துக்கும் வேலை குறைகிறது, கொதிகலனுக்கும் குறைகிறது.

கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இதைத்தான் செய்தது. 1987 முதல் அங்கே எரிவாயு இணை உற்பத்தி நிலையம் ஒன்று மின்சாரமும் நீராவியும் தந்துவந்தது. 2015இல் அதை மூடிவிட்டு, வெப்ப மீட்புச் சில்லர்களை மையமாகக் கொண்ட புதிய நிலையத்தைத் திறந்தார்கள். வகுப்பறைகளும் ஆய்வுக்கூடங்களும் மட்டுமின்றி, பல்கலைக்கழக மருத்துவமனையும் அதன் நுகர்வோரில் ஒன்று. குளிர்நீர்த் தொட்டிகளோடு வெந்நீருக்கும் ஒரு பெரிய தொட்டி வைத்திருக்கிறார்கள். நண்பகலில் எடுத்த வெப்பத்தை விடியற்காலைத் தேவைக்குக் காத்து வைப்பதற்காக. வெப்ப மீட்புச் சில்லர், ஓர் அலகு மின்சாரத்தைக்கொண்டு இரண்டரை முதல் மூன்று அலகு குளிர்ச்சியையும், மூன்றரை முதல் நான்கு அலகு வெப்பத்தையும் ஒரே ஓட்டத்தில் தரும். வளாகத்தின் சூட்டுத் தேவையில் மிகப் பெரும்பகுதி இன்று இவ்வாறே நிறைவேறுகிறது. எரிவாயுக் கொதிகலன்கள் குளிர்காலத்தின் எஞ்சிய தேவைக்கு மட்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. இந்த எந்திரங்களால் 70, 80 டிகிரி வெந்நீரைத் தர முடியும். 170 டிகிரி நீராவியைத் தர முடியாது. ஆகவே ஸ்டான்ஃபோர்டில் நிலையத்தை மட்டும் மாற்றியதோடு நிற்கவில்லை. நீராவிக் குழாய்களைக் கைவிட்டு, 22 மைல், அதாவது சுமார் 35 கிலோமீட்டர் வெந்நீர்க் குழாய்களைப் புதிதாகப் பதித்து, 150க்கும் மேற்பட்ட கட்டடங்களின் வெப்பப் பரிமாற்றிகளையும் மாற்றினார்கள். செலவின் பெரும்பகுதி இப்படிப்பட்ட இடங்களில்தான் ஒளிந்திருக்கும். மருத்துவமனையில் நீராவி இல்லாமல் ஆகாத இடம் ஆட்டோகிளேவ் ஒன்றே. அதற்கு அந்த அறையின் அருகிலேயே சிறிய நீராவிக் கொதிகலன் ஒன்று போதும். அந்தச் சிறு தேவைக்காக வளாகம் முழுவதும் நீராவி ஓட்டுவதும், குழாயில் குளிர்ந்து நீரானதை மட்டும் வெளியேற்ற வேண்டிய நீராவிப் பொறிகளில் அது கசிவதும், திரும்பி வர வேண்டிய ஆவிநீர் வழியில் தொலைவதும் பழைய காலத்தின் வழக்கம்.

கலிஃபோர்னியாவின் மிதமான தட்பவெப்பம் இதற்கு உதவியது என்று சொல்வார்கள், உண்மைதான். ஹூஸ்டனில் குளிர்ச்சித் தேவை சூட்டுத் தேவையைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதால், மீட்ட வெப்பத்தில் ஒரு பகுதிக்குத்தான் வாங்குபவர் இருப்பார். ஆனால் கோடையின் மறுசூடாக்கல் தேவையை எரிபொருளே இல்லாமல் நிறைவேற்ற அந்தப் பகுதியே போதும்.

மின்தடம் எழுதியது:

வெந்நீர் அவர்கள் ஒன்றை விட்டுவிட்டார். வெப்ப மீட்புச் சில்லர் மின்சாரத்தில் ஓடுகிறது. அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே எந்த ஏற்பாடு சிறந்தது என்பது அமையும். வெளிமின்சாரம் பழைய நிலக்கரி நிலையத்திலிருந்து வருமானால், வளாகத்துக்குள் எரிவாயுவை எரித்து மின்சாரமும் வெப்பமும் சேர்த்து எடுப்பதே குறைந்த புகைக்கு வழி. மின்கட்டமைப்பில் சூரிய, காற்று மின்சாரத்தின் பங்கு கூடக்கூட டர்பைனின் அந்தச் சாதகம் கரைந்துபோகும். மேலும், புயல் அடிக்கும் கடற்கரை ஊரில் தன் மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்யும் நிலையத்துக்கு உள்ள மதிப்பைப் புகைக்கணக்கில் மட்டும் அடக்கிவிட முடியாது.

நிலையம் அமையும் இடத்தைப் பற்றியும் ஒரு செய்தி. பாஸ்டனின் லாங்வுட் மருத்துவப் பகுதிக்காக ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1970களில் ஒரு பொது நிலையத்தைத் திட்டமிட்டது; மின்சாரத்துக்கு டீசல் எஞ்சின்கள் என்று முடிவாகியிருந்தது. பக்கத்திலிருந்த மிஷன் ஹில் குடியிருப்பினர், எஞ்சின்களிலிருந்து வரும் நைட்ரஜன் டைஆக்சைடு தங்கள் நுரையீரலுக்குத்தான் போய்ச் சேரும் என்று எதிர்த்து நின்றார்கள். கட்டடம் எழுந்தும் எஞ்சின்களுக்கு அனுமதி கிடைக்காமல் ஆண்டுகள் கழிந்தன. செலவு ஏறிக்கொண்டே போனது. அந்த நிலையம் பின்னர் முழுமையாக இயங்கி அப்பகுதி மருத்துவமனைகளுக்கு இன்றும் சேவை செய்கிறது. ஹார்வர்டு அதை 1998இல் விற்றுவிட்டது. குளிரூட்டும் கோபுரம், புகைபோக்கி, இரைச்சல் ஆகியவை ஒரே இடத்தில் குவிவதால், அந்த இடத்துக்கு அடுத்த வீட்டுக்காரர் யார் என்பதையும் திட்டத்தின் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

மாடப்புறா எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மறுசூடாக்கலை ஒவ்வொரு திட்டத்திலும் நானே கணக்கிட்டிருக்கிறேன். எனினும் அதை நிலையத்தின் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. ஒரு துணைக்கேள்வி. பழைய கட்டடங்களை இத்தகைய வலையமைப்பில் சேர்க்கும்போது கட்டடத்தின் உள்ளே எதையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும்? கட்டட உரிமையாளர் சரிவரப் பராமரிக்காவிட்டால் அதன் சுமை யார்மேல் விழும்?

குழாய்க்காரர் எழுதியது:

சுமை எல்லோர்மேலும் விழும். அதனால்தான் இந்தத் துறையில் திரும்பும் நீரின் வெப்பநிலையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். 5 டிகிரியில் குளிர்நீரை அனுப்புகிறோம், 13 டிகிரியில் திரும்ப வேண்டும் என்பது வடிவமைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டடத்தில் சுருள்களில் அழுக்கு படிந்திருக்கிறது, அல்லது பழைய மும்முனை வால்வுகள் குளிர்நீரைச் சுருளுக்குள் விடாமல் நேரே திரும்பும் குழாய்க்குத் தள்ளிவிடுகின்றன. நீர் 9 டிகிரியிலேயே திரும்பிவிடுகிறது. வேறுபாடு பாதியானதால், அதே குளிர்ச்சியைத் தர இருமடங்கு நீரை ஓட்ட வேண்டும். குழாய் மாறாமல் ஓட்டம் இருமடங்கானால் பம்பின் மின்தேவை கோட்பாட்டளவில் எட்டு மடங்காகும். எல்லாக் கட்டடங்களும் அப்படிச் செய்தால், நான் மேலே சொன்ன 3 லட்சம் கிலோவாட் மணித் தொட்டி பாதித் தொட்டியாகிவிடும். தொட்டியில் ஒரு சொட்டு நீரும் குறைந்திருக்காது.

மாற்ற வேண்டியவை வருமாறு: மும்முனை வால்வுகளுக்குப் பதிலாக, தேவைக்கேற்ப ஓட்டத்தைக் குறைக்கும் இருமுனை வால்வுகள்; அழுத்தம் ஏறி இறங்கினாலும் ஓட்டத்தை நிலையாக வைத்திருக்கும் கட்டுப்பாட்டு வால்வுகளாக அவை இருந்தால் நல்லது. ஒரே வேகத்தில் ஓடும் கட்டடப் பம்புகளுக்கு வேகக் கட்டுப்பாடு வேண்டும். கட்டடத்தின் நீரும் வலையமைப்பின் நீரும் கலக்காதபடி நடுவில் தகட்டு வெப்பப் பரிமாற்றி வைப்பதா என்பது தனி விவாதம்: வைத்தால் ஒரு டிகிரி அளவு குளிர்ச்சியை இழக்கிறோம்; வைக்காவிட்டால் ஒரு கட்டடத்தின் கசிவும் துருவும் எல்லோருடையதும் ஆகிவிடும். மருத்துவமனைகளுக்கு வைப்பதையே நான் பரிந்துரைப்பேன், அதுவும் ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றொன்று ஓடும்படி இரண்டாக.

பணத்தைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தில் கட்டணத்தை இரண்டாகப் பிரிக்கும் வழக்கமே நல்லது. கட்டடத்துக்கென்று ஒதுக்கிய திறனுக்கு மாதந்தோறும் நிலையான கட்டணம்; ஓட்டத்தையும் வெப்பநிலை வேறுபாட்டையும் பெருக்கி அளக்கும் மீட்டர் காட்டும் நுகர்வுக்குத் தனிக் கட்டணம். இதன்மேல், திரும்பும் நீர் ஒப்பந்த வெப்பநிலைக்குக் கீழே வந்தால் கூடுதல் கட்டணம் என்ற விதியை முதல்நாளிலிருந்தே எழுதிவிட வேண்டும். அளப்பது நிலையத்தின் கருவியா, கட்டடத்தின் கருவியா, அதை ஆண்டுக்கு எத்தனை முறை யார் சரிபார்ப்பது என்பதும் அந்தப் பத்தியிலேயே வர வேண்டும். இணைந்து பத்து ஆண்டுகள் கழித்து இந்த விதியைச் சேர்க்கப் போனால் எந்த மருத்துவமனை நிர்வாகமும் கையொப்பமிடாது.